தனிக்குறி: வரிசை எண் வேறு, அடையாளம் வேறு

கடலூர் முதுநகரில் என் மைத்துனர் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அண்டா, குண்டான், ஜமக்காளம் என எல்லாவற்றையும் எக்செலில் ஏற்றி, ‘வ. எண்’ போட்டு, அதே எண்ணைப் பாத்திரத்திலும் பெயின்டால் எழுதினார். ஒருநாள் பட்டியலை அகரவரிசைக்கு மாற்றினார். வ. எண்ணுக்கு ஃபார்முலா போட்டிருந்ததால் 17ஆம் அண்டா 3ஆம் அண்டாவாகிவிட்டது. “மச்சான், எது எந்தக் கல்யாணத்துக்குப் போச்சுன்னே தெரியல” என்று போன் செய்தார்.

வரிசை எண் என்பது இடத்தின் எண். அவருக்கு வேண்டியது பொருளின் எண், அதாவது கணினிக்காரர்கள் சொல்லும் ‘யூனிக் ஐடி’.

‘யூனிக்’ என்பதன் வேர் லத்தீனின் ‘ஊனுஸ்’, ஒன்று. ‘ஐடென்டிட்டி’யின் வேர் ‘இதெம்’, அதே. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள் வைத்திருக்கும் அடையாள அட்டையான ‘கார்த் தீதாந்தித்தே’யிலும் இருப்பது இந்த ‘அதே’தான். நேற்றுப் பார்த்த அதே அண்டா, அதுவும் ஒன்றே ஒன்று: வரையறை முழுக்க வேர்களிலேயே இருக்கிறது.

தமிழில் ‘தனித்துவ அடையாளங்காட்டி’ என்று எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் வாய் வலிக்கும். ‘தனிப்பட்ட எண்’ வேண்டவே வேண்டாம். அது சொந்த போன் நம்பர் மாதிரி ஒலிக்கிறது. என் தேர்வு ‘தனிக்குறி’. குறி நமக்குப் பழக்கப்பட்ட சொல். சலவைத் தொழிலாளர்கள் சேராங்கொட்டைச் சாற்றால் துணி ஓரத்தில் வீட்டுக்கொரு குறி போடுவார்கள். மூட்டையில் துணி மேலே இருந்தாலும் அடியில் கிடந்தாலும் குறி மாறாது, வெளுத்தாலும் போகாது. அட்டவணைக்கும் அதுதான் விதி. அண்டா ஓட்டையாகிக் கழித்துவிட்டாலும் அதன் குறியைப் புதியதற்குக் கொடுக்கக் கூடாது.

சரி, குறியை எப்படி உண்டாக்குவது? ஒரே கடை என்றால் 1, 2, 3 என்று ஏற்றிக்கொண்டே போகலாம். தரவுத்தளமே அதைச் செய்யும். மைத்துனருக்குப் புதுச்சேரியிலும் ஒரு கிளை உண்டு. இரண்டு இடத்திலும் 17 இருந்தால் மோதும். இதற்கு ‘யூயூஐடி’ என்ற 128 பிட் குறி, அதாவது 128 பூஜ்ய-ஒன்றுகளால் ஆன குறி இருக்கிறது. அதன் 4ஆம் வகையில் 122 பிட் குருட்டாம்போக்காக அமைவதால், இரு கிளைகளும் ஒன்றையொன்று கேட்காமலே உருவாக்கலாம். மோத வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம். ஆனால் இடைக்கோடுகளோடு 36 எழுத்து. அண்டாவில் யார் எழுதுவது?

வண்டி எண் வழியைச் சொன்னேன். கடலூருக்கு டிஎன் 31, புதுச்சேரிக்குப் பிஒய் 01 இருப்பதுபோல க-17, பு-17. ஒரு வித்தியாசம் உண்டு. வண்டி நிரந்தரமாக வேறு மாநிலம் போனால் எண்ணை மாற்ற வேண்டும். கடலூர் அண்டா புதுச்சேரிக் கிளையிலேயே தங்கிவிட்டாலும் ‘க’வை அழிக்கக் கூடாது. இப்போது எங்கே இருக்கிறது என்பதற்குத் தனி நெடுவரிசை போட்டுக்கொள்ளட்டும்.