முட்டுக்கட்டை போடுகிறவர்களின் கணக்கு

ஆனித் தேரோட்டத்தன்று நெல்லை டவுனில் எல்லார் கண்ணும் வடத்தின் மேலும் தேரின் மேலும்தான். சக்கரத்தை ஒட்டி, கையில் முட்டுக்கட்டையோடு (தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் மரக்கட்டை) குனிந்தபடியே நடக்கிறவர்களையும் ஒருமுறை கவனியுங்கள். உந்தத்தைக் கையாளுகிற வேலை அவர்களுடையது.

நெல்லையப்பர் தேர் சுமார் 450 டன் என்பார்கள். விநாடிக்கு அரை மீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம்: 2,25,000 கி.கி. மீ/வி. 15 டன் பேருந்து மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும் இதே உந்தம்தான். மெதுவாகத்தானே வருகிறது என்று தேர்ச் சக்கரத்துக்கு முன்னால் யாரும் போகக் கூடாது.

உந்தம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு விசை வேண்டும் என்பது நியூட்டனின் இரண்டாம் விதி. இந்தத் தேரை 5 விநாடியில் நிறுத்த 45,000 நியூட்டன் (விசையின் அலகு) போதும். அரை விநாடியில் நிறுத்த வேண்டுமென்றால் 4,50,000 நியூட்டன். அச்சு முதல் உச்சி வரை குலுங்கிப்போகும். அதனால்தான் மரக்கட்டை. சக்கரம் ஏறும்போது கட்டை நசுங்கும், தரையில் உரசிக்கொண்டே கொஞ்சம் சறுக்கும். அந்தச் சறுக்கல் நேரத்தை நீட்டுகிறது, விசை குறைகிறது.

அதே 45,000 நியூட்டன் அந்தப் பேருந்தையும் 5 விநாடியில் நிறுத்திவிடும். ஆனால் தேர் ஒன்றேகால் மீட்டரில் நிற்கும், பேருந்து 37.5 மீட்டர் ஓடித்தான் நிற்கும். உந்தம் ஒன்றானாலும் பேருந்தின் இயக்க ஆற்றல் (ஓடுவதால் இருக்கும் ஆற்றல்) தேரினுடையதைப் போல 30 மடங்கு.

சீராகத் தேர் ஓடும்போது வடம் இழுக்கும் விசையும் உராய்வும் சமம். நிகர விசை சுழி, உந்தம் மாறாது. நிற்கிற தேரைக் கிளப்பத்தான் கூடுதல் விசை. அதற்குத்தான் பின்சக்கரத்தில் தடி போட்டு நெம்புகிறார்கள்.

உண்மையான சோதனை ரத வீதி முக்கில். உந்தத்துக்குத் திசையும் உண்டு. வேகம் குறையாமல் செங்கோணத்தில் திருப்பினால் உந்த மாற்றம், தேரை நிறுத்துவதற்கு ஆவதைப் போல 1.41 மடங்கு! அத்தனையும் பக்கவாட்டில் உயரமான தேரைச் சாய்க்கப் பார்க்கும். ஆகவே நிறுத்தி நிறுத்தி, ஒரு பக்கச் சக்கரத்துக்குச் சாய்வாகக் கட்டை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புகிறார்கள். அந்த நேரத்தில் வடம் பிடிக்கிறவர்கள் ஆர்வத்தில் வெட்டி இழுக்காமல் இருந்தாலே கீழே குனிந்திருப்பவர்களுக்குப் பெரிய உதவி.