கடல்பாசி எடுப்பவர்கள் வீடியோ எடுக்கிறார்கள்: முன்சான்று எப்போது வேண்டும்?

பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களின் சங்கம் ஒரு வீடியோ எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாசி எடுக்கும் உரிமையைக் காப்பவர்களுக்கே எங்கள் ஓட்டு என்பதுதான் சேதி. தீவில் இறங்கிப் படம் பிடிக்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருபவை, வனத்துறை விடாது. கரையில் எடுத்தாலே போதும், கடல் அங்கேயும் அழகுதான்.

தேர்தல் நேரத்தில் அந்த வீடியோவைச் சங்கத்தின் சொந்தக் கணக்கில் சும்மா போட்டால், தேர்தல் ஆணையம் அதை விளம்பரமாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஐந்நூறு ரூபாய் கட்டி, அதிகம் பேருக்குக் காட்டும்படி பூஸ்ட் செய்தீர்களா, அப்போது அது அரசியல் விளம்பரம். உள்ளூர் கேபிள், தியேட்டர், மொத்தமாக அனுப்பும் குரல்பதிவு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். தேர்தல் ஆணையத்தின் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு முன்கூட்டியே பார்த்துத் தரும் முன்சான்று இல்லாமல் ஓட்டக்கூடாது. டிவிக்கும் கேபிளுக்கும் 2004-ல் உச்ச நீதிமன்ற உத்தரவால் வந்த இந்த ஏற்பாடு, 2013-ல் சமூக ஊடகத்துக்கும் நீண்டது.

வேட்பாளர் என்றால் மாவட்டக் குழுவிடம் போகலாம். சங்கம் என்றால் சென்னையில் உள்ள மாநிலக் குழுவிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சியும் வேட்பாளரும் ஒளிபரப்புக்கு 3 நாள் முன்பு கொடுத்தால் போதும். மற்றவர்கள் 7 நாள் முன்பு கொடுக்க வேண்டும். வேட்புமனு வாபஸ் முடிந்து வாக்குப்பதிவு வருவதற்குள் பெரும்பாலும் இரண்டு வாரம்தான் கிடைக்கும், அதில் பாதி இதிலேயே போய்விடும். அதனால் வேட்பாளர் பட்டியல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

விண்ணப்பத்தோடு வீடியோவின் இரண்டு பிரதி, சான்றொப்பமிட்ட எழுத்துவடிவம், தயாரிப்புச் செலவு, எத்தனை முறை என்ன கட்டணத்தில் ஓடும் என்ற விவரம் எல்லாம் வேண்டும். எழுத்துவடிவத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பேசியதை அப்படியே எழுதுங்கள். வீடியோவில் பேசும் அக்கா ‘வள்ளம்’ என்று சொன்னால் வள்ளம்தான். அதைப் ‘படகு’ என்று திருத்தினால் ஒத்துப் பார்க்கும்போது கேள்வி வரும்.

அப்புறம் உறுதிமொழி. இந்த விளம்பரம் எந்தக் கட்சிக்கோ வேட்பாளருக்கோ ஆதாயமாகச் செய்ததல்ல, அவர்கள் பணம் தரவில்லை என்று சங்கம் சத்தியம் செய்து தர வேண்டும். ஆகவே ஒரு வேட்பாளரின் பெயரையோ சின்னத்தையோ காட்டிவிட்டு இந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போட முடியாது. அவருக்காகத்தான் என்றால் அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்குங்கள். செலவும் அவர் கணக்கில் ஏறும். தமிழகச் சட்டமன்றத் தொகுதிக்கு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். ஒப்புதலின்றி அவருக்காகச் செலவழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 176-வது பிரிவின் கீழ் குற்றம்.

செயற்கை நுண்ணறிவுக் குரலையோ உருவத்தையோ சேர்த்தால் அதை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். வேட்பாளருக்கான வீடியோ என்றால் பிள்ளைகளை வைத்துக் கோஷம் போட வைக்காதீர்கள். பிரச்சாரத்தில் சிறுவர்களைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் ஆணையம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் கேபிளிலும் தியேட்டரிலும் சான்று பெற்ற விளம்பரத்தைக்கூட ஓட்டக்கூடாது.

குழு ஏதாவது வரியை வெட்டச் சொன்னால், தலைமைத் தேர்தல் அதிகாரி தலைமையிலான குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம்தான்; பாசி விற்ற காசில் அவ்வளவு தூரம் போவது யாருக்குச் சாத்தியம்? வெட்டிவிட்டு ஓட்டுவதே நடைமுறை.

கட்டணத்தைக் காசோலையாகவோ டிடியாகவோதான் தருவோம் என்றும் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுக்கிறீர்கள். கேபிள்காரர் ரொக்கமாகக் கேட்டால் அந்தத் தாளை எடுத்துக் காட்டுங்கள்.