தரையில ஊனின கால்: ஒரே டேக்கிளுக்கு ஒருத்தர் மஞ்சள், ஒருத்தர் சிவப்பு ஏன் குடுக்குறாங்க?

காட்பாடி பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு. அவங்க ஃபுட்பால் டீம்ல ஸ்டாப்பரா, அதாவது பின்வரிசை நடுவுல நின்னு தடுக்குற ஆளா ஆடுறவருக்கு, ஒரு டோர்னமென்ட்ல பந்தைப் புடுங்க எதிராளி சைடுல சறுக்கி வந்த டேக்கிள்ல முழங்காலுக்கு கீழ எலும்பு ஒடஞ்சுபோச்சு. ரெஃப்ரி மஞ்சள் கார்டோட விட்டுட்டாரு. அடுத்த வாரம் அதே மாதிரி ஒரு டேக்கிள், அடிபட்டவன் எழுந்து தூசி தட்டிட்டு ஓடுறான், ஆனா அதுக்கு வேற ஒரு ரெஃப்ரி சிவப்பு தூக்குறாரு. ஸ்டாப்பர் போனதுல இருந்து டீமு வரிசையா கோல் வாங்கினு கீது. "ரெண்டும் ஒரே டேக்கிள்தானேண்ணா, இன்னா கணக்கு இது?"

கோவத்துல கேட்டிருக்காரு, ஆனா இதுக்குள்ள ரொம்ப அழகான பிசிக்ஸ் இருக்கு.

முதல்ல சட்டம் இன்னா சொல்லுதுன்னு வேகமா பாத்துடலாம். ஃபுட்பால் சட்டத்துல 12வது பிரிவு ஃபவுலை மூணு படியா பிரிக்குது. கவனமில்லாம போட்ட டேக்கிளா, ஃபவுல் மட்டும், கார்டு கிடையாது. எதிராளிக்கு இன்னா ஆகும்னு பாக்காம போட்டதா, மஞ்சள். தேவைக்கு மேல பலத்தோட வந்ததா, இல்ல எதிராளியோட பாதுகாப்புக்கே ஆபத்து உண்டாக்குச்சா, சிவப்பு. எலும்பு ஒடஞ்சுதா இல்லயான்னு அந்த சட்டம் எங்கயும் கேக்கல, அதை மனசுல வெச்சுக்கோங்க. பலம்னா எவ்ளோன்னு பாத்தா, ஸ்கூல்ல படிச்ச அரை எம் வி ஸ்கொயர்தான், 75 கிலோ ஆளு செகண்டுக்கு 5 மீட்டர்ல வந்தா சுமார் 940 ஜூல், 7 மீட்டர்ல வந்தா சுமார் 1840 ஜூல், வேகம் கொஞ்சம் ஏறினாலே ஆற்றல் ரெண்டு மடங்கு ஆயிடுது.

ஆனா கால் ஒடையுறதும் ஒடையாததும் அடிக்கிறவனோட வேகத்துல மட்டும் இல்ல, பாதி விஷயம் அடி வாங்குறவனோட பாதத்துல இருக்கு, அந்த நொடியில அது தரையில ஊனி இருந்துச்சா, காத்துல இருந்துச்சா.

காத்துல இருக்குற காலை அடிச்சா இன்னா ஆகும்? முழங்காலுக்கு கீழ இருக்குற பாகம் பாதத்தோட சேத்து நம்ம எடையில ஏறக்குறைய 6 சதவீதம்தான், 75 கிலோ ஆளுக்கு நாலரை கிலோ. அடி பட்டதும் அது முட்டியில இருந்து ஆடி விலகிப் போயிடும், வந்த தள்ளுல பெரும்பகுதி காலை நகத்துறதுலயே செலவாயிடும். வலிக்கும், வீங்கும், ஆனா எலும்பு தப்பிச்சுக்கும். இப்ப அதே கால் தரையில ஊனி இருக்குதுன்னு வைங்க. கீழ ஷூ அடியில இருக்குற ஸ்டட் குமிழ்ங்க மண்ணைக் கவ்விப் புடிச்சிருக்கு, மேல மொத்த ஒடம்போட எடை அழுத்துது, ரெண்டு முனையும் நகர முடியாது, நடுவுல அடி விழுது. பொங்கல் கரும்பை ஒரு கையில தூக்கிப் புடிச்சுக்கினு நடுவுல தட்டிப் பாருங்க, ஆடும், ஒடையாது. ரெண்டு முனையையும் புடிச்சு முட்டிக்கு குறுக்க வெச்சு இழுத்தா படக்குனு போயிடும். கரும்பும் அதே கரும்பு, முட்டியும் அதே முட்டி, புடிமானம்தான் வேற.

இதுக்கு உள்ள இன்னும் ஒரு படி போகலாம், எனக்கு ரொம்ப புடிச்ச எடம் இது. எலும்பு எல்லா திசையிலயும் ஒரே பலம் கிடையாது. அதுல சுண்ணாம்புச் சத்து படிகம் இருக்கு, அதோட பின்னிப் போன கொலாஜன் நார் இருக்கு. நீளவாக்குல அமுக்கினா வாலிப வயசு எலும்பு சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 200 நியூட்டன் வரைக்கும் தாங்கும், இழுத்தா சுமார் 130தான், குறுக்குல வெட்டுற மாதிரி விசை வந்தா 70 கிட்ட. இப்ப நடுவுல அடி வாங்கி வளையுற எலும்பை பாருங்க. அடி விழுந்த பக்கம் அமுங்குது, எதிர்ப்பக்கம் இழுபடுது. அமுங்குறதை எலும்பு நல்லா தாங்கும், இழுபடுறதைத்தான் தாங்காது, அதனால விரிசல் அடி விழுந்த பக்கத்துல ஆரம்பிக்காது, அடியே படாத எதிர்ப்பக்கத்துல ஆரம்பிச்சு குறுக்க ஓடி வந்து, அமுங்கின பக்கம் கிட்ட வரும்போது ரெண்டா பிரிஞ்சு, நடுவுல ஒரு முக்கோணத் துண்டை தனியா கழட்டி விட்டுடும். பட்டாம்பூச்சித் துண்டுன்னு எலும்பு டாக்டருங்க சொல்லுவாங்க. அந்தத் துண்டோட அகலமான பக்கம் எங்க இருக்கோ, அடி அங்க இருந்துதான் வந்திருக்கும். மேட்ச்ச பாக்காத டாக்டர் எக்ஸ்ரேவ மட்டும் வெச்சு டேக்கிள் எந்தப் பக்கம் இருந்து வந்துச்சுன்னு சொல்ல முடியும், எவ்ளோ பிரமாதமான விஷயம் இது!

பாதம் மாட்டிக்கினு ஒடம்பு மட்டும் திரும்பினா அது வேற கதை. எலும்பு முறுக்கப்படும், முறிவு சுருள் மாதிரி சுத்திப் போகும், இல்லன்னா எலும்பு தாங்கிக்கும், கணுக்காலோ முட்டிக்குள்ள இருக்குற ஏசிஎல் நாரோ போயிடும்.

இப்ப நேரத்தை பாருங்க. வேகமா ஓடுறப்ப ஒவ்வொரு தடவையும் பாதம் தரையில இருக்குறது ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கோ ரெண்டு பங்கோதான். அதே ஆளு, அதே வேகம், அதே சறுக்கல், பத்துல ஒரு செகண்டு முன்னாடி பின்னாடி ஆனா ஒண்ணு வீக்கம், இன்னொண்ணு ஆறு மாசம் படுக்கை. பத்து பதினஞ்சு மீட்டர் தள்ளி நிக்கிற ரெஃப்ரி சறுக்கி வர்றவனைத்தான் பாக்குறாரு, எதிராளி பாதத்துல எவ்ளோ எடை ஏறியிருக்குன்னு எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அவருக்கு தெளிவா தெரியுறது முடிவு மட்டும்தான், கால் கோணலா கெடக்குது, பசங்க தலையில கை வெச்சுக்குறாங்க. அந்த முடிவு தீர்ப்புக்குள்ள புகுந்துடுது.

2019 நவம்பர்ல எவர்ட்டன், டாட்டன்ஹாம் மேட்ச்ல சன் ஹியுங்மின் பின்னாடி இருந்து ஒரு டேக்கிள் போட்டாரு, ஆந்த்ரே கோமஸ் தடுமாறிப் போயி பாதம் மாட்டி, கணுக்கால் ஒடஞ்சு எலும்பு எடம் பிசகிடுச்சு. ரெஃப்ரி முதல்ல மஞ்சளை எடுத்தாரு, காயத்தை பாத்ததும் சிவப்பா மாத்தினாரு. டாட்டன்ஹாம் மேல்முறையீடு பண்ணி அந்த சிவப்பு ரத்தாச்சு. 2021 செப்டம்பர்ல லீட்ஸ், லிவர்பூல் மேட்ச். லீட்ஸ் ஆட்டக்காரர் பாஸ்கல் ஸ்ட்ரைக் போட்ட டேக்கிள்ல லிவர்பூலோட ஹார்வி எலியட்டுக்கு கணுக்கால் பிசகிடுச்சு, அதுக்கும் சிவப்பு, ஆனா அங்க மேல்முறையீடு தள்ளுபடி, அடிபட்ட எலியட்டே அது எதேச்சையா நடந்ததுன்னு சொல்லியும். இதுக்கு நேர் எதிரா 2020 அக்டோபர் 17, எவர்ட்டன் கீப்பர் பிக்ஃபோர்ட் பாய்ஞ்சு வந்து லிவர்பூல் ஸ்டாப்பர் வான் டைக் காலுல மோதினாரு, ஏசிஎல் போச்சு, கார்டே கிடையாது. ஆஃப்சைடு இருந்ததுனால பெனால்டி குடுக்க முடியாது, சரி, ஆனா ஆஃப்சைடா இருந்தாலும் ஆபத்தான டேக்கிளுக்கு சிவப்பு குடுக்க சட்டத்துல தடை இல்ல. என்னைக் கேட்டா மூணுல அதுதான் நிச்சயமா சிவப்பு.

வீடியோ வந்தா எல்லாம் சரியாயிடும்னு நம்ம ஆளுங்க சொல்லுவாங்க. பெல்ஜியம் ஆராய்ச்சியாளருங்க 2018ல வெளியிட்ட ஒரு ஆய்வுல ஐரோப்பாவோட பெரிய ரெஃப்ரிங்க 88 பேருக்கு ஃபவுல் வீடியோ போட்டுக் காட்டினாங்க, பாதி சாதா வேகத்துல, பாதி ஸ்லோ மோஷன்ல. ஃபவுலா இல்லயான்னு சொல்றதுல பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா ஸ்லோ மோஷன்ல பாத்தப்ப சிவப்பு கார்டு அதிகமாச்சு. நேரத்தை இழுத்துக் காட்டினா அவனுக்கு யோசிக்க நேரம் இருந்துச்சு, வேணும்னே பண்ணான்னு நமக்கு தோணுது. அதனாலதான் எங்க பட்டுச்சுன்னு பாக்க ஸ்லோ மோஷன், எவ்ளோ வேகம்னு பாக்க சாதா வேகம்னு வீடியோ ரெஃப்ரி விதியிலயே எழுதி வெச்சிருக்காங்க. சத்தமும் தீர்ப்பை மாத்தும். 2002ல வந்த ஆய்வுல லிவர்பூல், லெஸ்டர் மேட்ச் வீடியோவ 40 ரெஃப்ரிங்களுக்கு காட்டுறாங்க, கூட்டத்தோட சத்தத்தோட பாத்தவங்க சொந்த ஊர் டீமுக்கு எதிரா ஃபவுல் குடுக்குறது சுமார் 15 சதவீதம் கம்மி. ஆம்பூர்லயும் வாணியம்பாடியிலயும் ஃபைனலுக்கு கோட்டுக்கு ஓரமாவே சனம் நிக்குது, அங்க நிக்கிற ரெஃப்ரிய கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

ஸ்டாப்பர் போனா டீமு ஏன் சரியுதுன்னும் தம்பி கேட்டிருந்தாரு. லிவர்பூல் 2018-19 லீக்ல வாங்கினது 22 கோல், அடுத்த சீசன் 33, வான் டைக் போன 2020-21ல 42. அவரு ஒருத்தரால மட்டும் இல்ல, ஜோ கோமஸ், மாட்டிப்னு லிவர்பூலோட மத்த ஸ்டாப்பருங்களும் காயத்துல போனாங்க, அந்த ஓட்டையை அடைக்க நடுவுல ஆடுற ஃபபின்யோவையும் ஹெண்டர்சனையும் பின்னாடி எறக்கினாங்க, அதனால நடுவுல ஓட்டை, பந்து முன்னாடியே தடுக்கப்படாம நேரா பின்வரிசைக்கு வருது. சொந்த மைதானத்துல வரிசையா 6 லீக் மேட்ச் தோத்தாங்க, அந்த கிளப்போட சரித்திரத்துலயே அதுக்கு முன்னாடி அப்படி நடந்ததில்ல. உங்க டீம்லயும் ஸ்டாப்பர் எடத்துக்கு யாரை இழுத்தீங்க, அவரு முன்னாடி நின்ன எடத்துல இப்ப யாருன்னு முதல்ல பாருங்க தம்பி.

ஒண்ணு சொல்லியே ஆகணும். ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி, உலகத்துக்கே ஷூ தைக்கிற ஊருங்க. தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னையில இருக்கு, எலும்பு ஆபரேஷனுக்கு நாடு பூரா இருந்து வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வராங்க. நம்ம வெயில்ல காஞ்சு கல்லா கெடக்குற மைதானத்துல எந்த ஸ்டட் எவ்ளோ கவ்வும், எவ்ளோ கவ்வினா பாதம் விடுபடாம மாட்டிக்கும்னு இங்க உக்காந்து அளக்க எல்லா வசதியும் இருக்கு. அதுக்கு பணம் ஒதுக்கணும்னு நான் கத்தி சொல்லுவேன், இது பெரிய செலவே கிடையாது. அதை விட்டுட்டு யாருக்காவது கால் ஒடஞ்சா மைதானத்துக்கு திருஷ்டின்னு பூசணிக்கா ஒடைக்கிறோம், முழங்காலுக்கு கீழ எலும்பைக் காக்குற ஷின் பேட் போடாத பசங்களை அப்படியே எறக்குறோம். ஷின் பேட் கட்டாயம்னு சட்டத்துலயே இருக்கு.

புத்தூர் கட்டு பத்தியும் கேப்பீங்க, வேலூர்ல கேக்காத ஆளே இல்ல. எலும்பு தோலைக் கிழிச்சு வெளிய வந்துட்டாலோ, பாதம் சில்லுன்னு ஆயிட்டாலோ, மரத்துப் போனாலோ நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குதான் தூக்கணும். உள்ள வீங்கிக்கினு இருக்குற காலை இறுக்கிக் கட்டினா ரத்தம் போகாம தசையே செத்துடும், அதுக்கு சில மணி நேரம் போதும். ஏசிஎல் போயிருந்தா அங்க கட்டுறதுக்கு எலும்பு முறிவே கிடையாது.

தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். டேக்கிள் போட்டவன் ஸ்டட் தெரிய, நடுவுல தன்னையே நிறுத்திக்க முடியாத வேகத்துல, எதிராளி ஊனியிருக்குற காலை நோக்கி வந்தானா, எலும்பு முழுசா இருந்தாலும் அது சிவப்பு. கட்டுப்பாட்டோட, பந்தைப் பாத்து, காலைத் தாழ வெச்சு வந்தவன் மேல எதிராளியோட பாதம் தற்செயலா மாட்டி ஒடஞ்சா அது அதிகபட்சம் மஞ்சள். உங்க ஸ்டாப்பருக்கு நடந்தது இதுல எதுன்னு அந்த வீடியோவ சாதா வேகத்துல, சத்தத்தை நிறுத்திட்டு, அடி படுற நொடியோட நிறுத்திப் பாருங்க, அவரு கீழ விழுந்ததை பாக்காதீங்க.