கூடிய இரத்தத்தை எடுத்துவிடும் சிகிச்சை: திருகோணமலையில் எங்கே, எப்படிப் பெறுவது

"உனக்கு ரத்தம் கூட. எங்கையும் முகாம் நடந்தா ஒருக்கா குடுத்திட்டு வா." சிவப்பணு கூடியவர்களுக்கு எங்கள் பக்கத்தில் அயலவர் சொல்லும் யோசனை இது. மூதூரில் இருக்கும் என் மாமாவும் இதைக் கேட்டு ஒரு இரத்ததான முகாமுக்குப் போனார். என்ன வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டு, எடுக்க ஏலாது என்று அனுப்பிவிட்டார்கள். வெட்கப்பட்ட மனுசன் மூன்று மாதம் கிளினிக் பக்கமே போகவில்லை. அந்த மூன்று மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.

முகாமில் செய்தது சரிதான். தானம் வேறு, சிகிச்சை வேறு. தானம் செய்பவர் சுகதேகியாக இருக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தால் அடுத்ததற்கு 4 மாத இடைவெளி வேண்டும். சிவப்பணு மிதமிஞ்சிய நோயாளிக்கோ தொடக்கத்தில் வாரம் ஒருமுறைகூட எடுக்க நேரலாம். அந்த இரத்தம் இன்னொருவருக்கு ஏற்றப்படுவதும் இல்லை, பாதுகாப்பாக அழித்துவிடுவார்கள். "என்ர ரத்தத்தை எடுத்து ஆருக்கோ குடுக்கினம்" என்ற பேச்சை நம்பிச் சிகிச்சையை விட்டுவிடாதீர்கள்.

அரச வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. பதிலுக்கு ஒருவரைக் கூட்டிவந்து இரத்தம் கொடுக்க வைக்க வேண்டிய தேவையும் இல்லை. உங்களுக்கு வேண்டியது வைத்தியரின் கடிதம். நீங்களாக இரத்த வங்கிக்குப் போய்க் கையை நீட்ட முடியாது. முதலில் கிளினிக்கில் காட்ட வேண்டும். என்ன நோய், கடைசிப் பரிசோதனையில் சிவப்பணு அளவு எவ்வளவு இருந்தது, எத்தனை மில்லிலீற்றர் எடுக்க வேண்டும், எந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். கொழும்பிலோ கண்டியிலோ விசேட நிபுணரிடம் காட்டுகிறவர்கள், திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் தரச்சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் இரவு பஸ்ஸில் அலைவது அந்த உடம்புக்கு நல்லதல்ல. வைத்தியசாலையில் எந்த நாளில், எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்பதை முன்கூட்டியே விசாரித்துவிட்டு, அடையாள அட்டையும் கிளினிக் கொப்பியும் கொண்டு போங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், சிவப்பணு கூடித் தடித்த இரத்தம் குழாய்க்குள் உறைந்து, பாரிசவாதத்தையோ மாரடைப்பையோ கொண்டுவரும். எலும்பு மச்சையே கட்டுப்பாடில்லாமல் சிவப்பணுவை உண்டாக்கும் நோயில் 100 பேரில் ஏறக்குறைய 95 பேருக்கு ஜாக்-2 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். குளித்தபின் உடம்பெல்லாம் அரிப்பது, தலையிடி, முகம் சிவப்பது, பாதம் எரிவது இதன் அறிகுறிகள். இரத்தத்தில் சிவப்பணு பிடிக்கும் பங்கை, பரிசோதனைத் துண்டில் பி.சி.வி. என்று வருவதை, 45 வீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். இத்தாலியில் 365 நோயாளிகளிடம் செய்து 2013இல் வெளியான ஆய்வில், 45க்கு மேலே விடப்பட்டவர்களுக்கு மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவையும் அவற்றால் வரும் மரணமும் 45க்குக் கீழே வைத்திருந்தவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. உங்கள் துண்டில் அந்த எண்ணை நீங்களே பார்த்துப் பழகுங்கள்.

எல்லோருக்கும் மச்சை நோய்தான் என்றில்லை. புகைத்தல், நீண்டநாள் நுரையீரல் வருத்தம், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் நித்திரை ஆகியவற்றாலும் சிவப்பணு கூடும். அவர்களுக்கு முதல் வைத்தியம் காரணத்தைச் சரிசெய்வது. இரத்தம் எடுப்பதா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார்.

எடுக்கும் வேலை பெரிதல்ல. தானத்தைப் போலவே கை நரம்பில் ஊசி, வழக்கமாக 450 மில்லிலீற்றர் வரை. வயது போனவர்களுக்கும் இருதய வருத்தக்காரருக்கும் குறைத்து எடுப்பார்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். எங்கள் வெயிலுக்கு முதல்நாளே தண்ணீர் நன்றாகக் குடித்திருக்க வேண்டும், உடம்பு வறண்டால் இரத்தம் இன்னும் தடிக்கும். முடிந்ததும் உடனே எழும்பாமல் கொஞ்ச நேரம் படுத்திருங்கள். கடலுக்குப் போகிறவர்கள் அன்றைக்குத் தோணி ஏறவோ சுழியோடவோ வேண்டாம். மோட்டார் சைக்கிளை இன்னொருவர் ஓட்டட்டும்.

அட்டை விட்டால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. அட்டை உறிஞ்சுவது சில மில்லிலீற்றர்தான். 450 எடுக்க வேண்டிய இடத்தில் அது ஈடாகாது.

இன்னுமொன்று. அடிக்கடி எடுப்பதால் உடம்பில் இரும்புச்சத்து குறையும், களைப்பும் வரும். வீட்டில் பாசத்தோடு இரும்புச்சத்துக் குளிசை வாங்கிக் கொடுப்பார்கள். வைத்தியர் சொல்லாமல் போடாதீர்கள். அந்த இரும்பை வைத்தே உடம்பு மறுபடி சிவப்பணுவைக் கூட்டும். மாமாவுக்கு மாமி வாங்கி வைத்திருந்த போத்தலைக் கிளினிக்குக்கே கொண்டுபோய்க் காட்டினோம். நிறுத்தச் சொன்னார்கள். இப்போது அவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எடுக்க வேண்டியிருக்கிறது.