சொல் விளக்கம்: ஃபீச்சர்

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்பது செய்தி. கோரையை இழை இழையாகக் கீறி, தாமிரபரணித் தண்ணீரில் ஊறப்போட்டு, துணி மாதிரி மடிக்கக்கூடிய பட்டுப்பாய் நெய்கிற பெண்ணிடம் உட்கார்ந்து பேசி, ஒரு பாய்க்கு எத்தனை நாள் ஆகிறது, கையில் என்ன மிஞ்சுகிறது, மகள் தறிக்கு வருவாளா என்றெல்லாம் கேட்டு எழுதினால் அதுதான் ஃபீச்சர். 2023 டிசம்பரில் நெல்லைக்குள் வெள்ளம் புகுந்தது செய்தி. சகதியை அள்ளிப்போட்டுவிட்டுக் கடை திறந்தவர், பற்று நோட்டு கரைந்துபோன பிறகு யாரிடம் எவ்வளவு பாக்கி என்று எப்படிக் கணக்குப் பார்த்தார் என்பது ஃபீச்சர்.

சொல்லின் வேர் லத்தீன். ‘ஃபாக்கெரே’ என்றால் செய்தல். அதிலிருந்து வந்த ‘ஃபாக்தூரா’, செய்யப்பட்டது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது உருவ அமைப்பு என்று பொருள். பிறகு முகத்தின் மூக்கும் முழியும். அப்புறம் எடுப்பாகத் தெரியும் எந்த அம்சமும். இதழில் எடுப்பாக நிற்கும் கட்டுரைக்கு அந்தப் பெயர் வந்தது இப்படித்தான்.

இதன் ஒரு வகை ‘ஹியூமன் இன்ட்ரஸ்ட்’. 1833இல் நியூயார்க்கில் ஒரு சென்ட் விலையில் தொடங்கிய ‘சன்’ போன்ற பத்திரிகைகள், சாதாரண ஜனங்களின் பாடுகளை எழுதி வாசகரைப் பிடித்தன. இதை நம் பத்திரிகைகளில் ‘மனிதநேயக் கட்டுரை’ என்று எழுதுகிறார்கள். அது தவறு. மனிதநேயம் என்றால் பிறர்மேல் காட்டும் அன்பு. இங்கே பேசுவது, இன்னொரு மனிதரின் கதை என்பதாலேயே நமக்கு வரும் ஈடுபாட்டை. வட்டிக்காரரைப் பற்றியும் இந்த வகையில் நல்ல கட்டுரை எழுதலாம். ‘மனித ஆர்வக் கட்டுரை’ என்பதோ யாருக்கும் புரியாது.

ஃபீச்சருக்குத் தமிழில் ‘சிறப்புக் கட்டுரை’ புழக்கத்தில் இருந்தாலும், பட்ஜெட் அலசலும் அதற்குள் அடங்கிவிடும். வானொலிக்காரர்களின் ‘உரைச்சித்திரம்’ அழகான சொல், காதுக்கு உரியது. 1933இல் தொடங்கிய ‘மணிக்கொடி’ இதழில் எழுத்தாளர் வ.ரா. எழுதியவை ‘நடைச்சித்திரம்’. அந்த இதழைத் தொடங்கியவர்களில் ஒருவரான டி.எஸ். சொக்கலிங்கம் நம் தென்காசிக்காரர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் நடைச்சித்திரத்தில் ஒரு மனிதரின் சாயல் போதும். ஃபீச்சருக்குத் தகவலும் வேண்டும்: விலை, ஆண்டு, பெயர், எதிர்த்தரப்பு.

ஆகவே நான் ‘செய்திச் சித்திரம்’ என்றே எழுதுகிறேன். செய்தி என்பதன் அடி ‘செய்’. புறநானூறு 34ஆம் பாட்டில் ‘செய்தி கொன்றோர்க்கு உய்தி இல்’ என்று ஆலத்தூர் கிழார் பாடும்போது, செய்தி என்பது ஒருவர் செய்த நன்மை. லத்தீன் வேரும் ‘செய்’ என்றே நிற்கிறது. ஒருவர் செய்வதைச் சித்திரமாகக் காட்டுவது என்று கொண்டால், ஆளுக்கும் பொருந்தும், தொழிலுக்கும் பொருந்தும். சித்திரம் வடசொல்தானே என்பார்கள். நம் வாயில் எத்தனையோ காலமாகப் பழகிய சொல். அதை விரட்ட வேண்டியதில்லை.

இந்தப் பெயரால் ஒரு நடைமுறைப் பயனும் இருக்கிறது. கடையைப் பற்றி ஃபீச்சர் எழுத வந்திருக்கிறோம் என்று சொன்னால், “துட்டு எவ்வளவு குடுக்கணும்?” என்றுதான் அண்ணாச்சிமார் முதலில் கேட்கிறார்கள். விளம்பரத்தையே ஃபீச்சர் என்று விற்றுப் பழக்கியதன் விளைவு இது. காசு வாங்கிப் போடுவதற்கு ‘விளம்பரக் கட்டுரை’ என்றே தலைப்பிட வேண்டும். செய்திச் சித்திரத்தில் அல்வாவின் ருசியும் வரலாம், அடுப்படியில் நிற்பவரின் சம்பளமும் வரலாம். எது வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் கடைக்காரர் அல்ல.