அண்ணன் கொடுத்த பை

அந்த அம்மா என் மேசைமேல் ஒரு மஞ்சள் பையை வைத்தார். உள்ளே பையனின் ஆதார் நகல், பள்ளிக்கூடத்தில் வாங்கிய பிறந்த தேதிச் சான்று, அடியில் கைக்குட்டையில் முடிந்த பணம். கம்மலை அடகு வைத்து வாங்கியது. "மேடம், 18,000 கேக்குறான். இதை அவன் கையில குடுத்துட்டா பையனை விட்டுடுவானா?" என்றார். வழக்கைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பையனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. ஓசூர் தாண்டி பஸ்ஸில் நடந்த சோதனையில் சிக்கினான். ஸ்கூல் பையில் மேலாகக் கணக்குப் புத்தகம், அதன் கீழே குட்கா பாக்கெட்டுகள். சரக்கைப் போலீஸ் எடுத்துக்கொண்டு, பையனை அம்மாவோடு வீட்டுக்கு அனுப்பி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஆஜராகச் சொல்லிவிட்டது. பிடிபட்ட சரக்குக்கான விலையைத்தான் கொடுத்தனுப்பியவன் இப்போது அம்மாவிடம் கேட்கிறான்.

கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு பக்கமும் இலவச சட்ட உதவி வழக்கறிஞராகப் போய் வருகிறவள் நான். இங்கே எழுதுவதில் ஊரையும் உறவையும் மாற்றியிருக்கிறேன். வழக்கில் சம்பந்தப்பட்ட சிறுவனின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஸ்டேஷன் வாசலில் எடுத்த போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிடுகிற நம்மூர் ஆட்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

நம் பக்கத்தில் இது ஏன் நடக்கிறது என்பதற்கு வரைபடத்தைப் பார்த்தால் போதும். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ஒரு பக்கம் கர்நாடகா, இன்னொரு பக்கம் ஆந்திரா. நடுவில் பெங்களூரிலிருந்து இறங்கும் 44-ஆம் நெடுஞ்சாலை, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று தொப்பூர்க் கணவாய் வரை ஓடுகிறது. தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்குத் தடை. தடையான சரக்குக்கு விலை அதிகம், அதைச் சுமக்க ஆளும் வேண்டும். லாரியை நிறுத்துவார்கள், காரைத் திறக்கச் சொல்வார்கள். யூனிஃபார்ம் போட்ட பையனின் புத்தகப் பையை யார் திறக்கச் சொல்வார்கள்? இன்னொரு பக்கம், பென்னாகரம், பாலக்கோடு, அரூர் கிராமங்களில் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்க, பிள்ளை ஆயா வீட்டில் வளர்கிறான். அவன் ராத்திரி எத்தனை மணிக்கு வருகிறான் என்று ஆயாவுக்குத் தெரியாது. தெரிந்தாலும் தட்டிக் கேட்க முடியாது.

அந்தப் பையன் முதல் இரண்டு முறை என்னிடம் வாயே திறக்கவில்லை. பை யார் கொடுத்தது என்றால், "பஸ் ஸ்டாண்டுல கெடந்துச்சு" என்றான். மூன்றாவது முறை வழக்கை விட்டுவிட்டு, "பைக் ஓட்டத் தெரியுமாடா?" என்று கேட்டேன். முகம் மாறியது. கிளட்ச் எப்படிப் பிடிக்க வேண்டும், மேட்டில் எந்த கியர் என்று பத்து நிமிடம் விடாமல் பேசினான். "யாரு கத்துக் குடுத்தது?" "அண்ணன்தான்." அப்புறம் எல்லாம் தானாக வந்தது. இந்தத் தொழிலில் எல்லோரும் அண்ணன்தான். ஸ்கூல் விட்டு வந்தால் "சாப்டியாடா?" என்று கேட்ட ஒரே ஆள் அந்த அண்ணன். முதலில் பிரியாணி, பிறகு போன் ரீசார்ஜ், பிறகு வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டக் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் "இதை அந்தக் கடையில குடுத்துட்டு வாடா" என்று ஒரு சின்ன பொட்டலமும் 200 ரூபாயும்.

சில வாரத்தில் ஒரு பொட்டலம் வழியில் காணாமல் போனது. இரண்டு பேர் மிரட்டிப் பிடுங்கிக்கொண்டார்களாம். அண்ணன் அடிக்கவில்லை. "பரவால்லடா, கொஞ்சம் கொஞ்சமா கழிச்சுக்கலாம்" என்றான். அன்றிலிருந்து 200 ரூபாய் நின்றுபோனது. வேலை மட்டும் நிற்கவில்லை. பிடுங்கியதும் அண்ணனின் ஆட்களே என்பது என் சந்தேகம். இதே கதையை வேறு வேறு பையன்கள் வாயிலிருந்து ஒரே மாதிரி கேட்ட பிறகு வந்த சந்தேகம். கடன் என்று ஒன்று விழுந்துவிட்டால் பையனைப் பிடித்து வைக்க வேறு கயிறு வேண்டாம். போலீசில் சிக்கினால் கடன் இன்னும் ஏறும். அதனால்தான் அந்த அம்மாவிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள் என்றேன். 18,000 கட்டினால் அடுத்து வட்டி என்று வந்து நிற்பான்.

"உனக்கு இன்னும் பதினெட்டு ஆகலடா, மாட்டினாலும் ஒண்ணும் ஆகாது." எல்லா அண்ணன்களும் சொல்கிற வசனம் இது. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் பையன்கள் நம்புகிறார்கள். சிறுவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். ஜாமீன் கொடுப்பதுதான் பொது விதி. எல்லாம் சரி. ஆனால் கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி அது வணிக அளவு, குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. அந்த வகைக் குற்றத்தில் சிக்குகிறவனுக்கு 16 முடிந்திருந்தால், அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் ஆராயச் சட்டம் இடம் தருகிறது. மூட்டையைத் தூக்குகிற பையனுக்கு அதில் எத்தனை கிலோ என்று எங்கே தெரியும்?

அந்த வசனத்தைச் சொல்கிறவனுக்குச் சட்டம் என்ன வைத்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 95-ஆம் பிரிவின்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவரைக் குற்றம் செய்ய அமர்த்துகிறவருக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு. பையன் அந்தக் குற்றத்தைச் செய்திருந்தால் அதற்குரிய தண்டனையும் அமர்த்தியவருக்கு உண்டு. மதுவையோ போதைப்பொருளையோ சுமக்கவும் விற்கவும் குழந்தையைப் பயன்படுத்தினால் சிறார் நீதிச் சட்டத்தின் 78-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை. குட்கா அதில் வராது. அதற்கு 83-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இருக்கிறது, அதுவும் 7 ஆண்டு வரை, அபராதம் 5 லட்சம். இவ்வளவு இருந்தும் என் கைக்கு வருகிற காகிதங்களில் பை கொடுத்தவன் பெரும்பாலும் "பெயர் தெரியாத நபர்" ஆகவே இருக்கிறான். ஏன் செய்தாய் என்று பையனை நூறு முறை கேட்கிறோம். யார் கொடுத்தது என்று நிதானமாக உட்கார்ந்து கேட்க ஆளில்லை.

கல்லூரி, ஐ.டி.ஐ. பிள்ளைகளிடம் பை வருவதில்லை, வங்கிக் கணக்கு கேட்டு வருகிறார்கள். ஓசூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் 18, 19 வயசுப் பையனிடம் "உன் அக்கவுண்டைக் கொஞ்ச நாள் குடு, கமிஷன் தர்றேன்" என்று பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் மூன்றையும் வாங்கிக்கொள்வார்கள். ஆன்லைனில் யாரிடமோ ஏமாற்றிய பணம் அதன் வழியாக ஓடும். ஒரு நாள் கணக்கு முடங்கும், வேறு மாநிலப் போலீசிடமிருந்து நோட்டீஸ் வரும். நோட்டீஸில் இருப்பது பையன் பெயர் மட்டும். இப்படிக் கொடுத்துவிட்டவர்கள் உடனே வங்கிக்குப் போய் எழுத்தில் சொல்லி, கார்டையும் சிம்மையும் முடக்கி, சைபர் கிரைம் போலீசில் தாங்களாகவே போய்ச் சொல்வது நல்லது. நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு வாதாடுவது கஷ்டமாக இருந்திருக்கிறது.

வீட்டில் எதைக் கவனிப்பது என்று கேட்கிறார்கள். புது ஷூ, இரண்டாவது போன், கணக்கில் வராத காசு, இவையெல்லாம் கண்ணில் படும். நான் அதைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்வது பயத்தை. போன் அடித்ததும் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போகிறவன், பையை யாரும் தொட விடாதவன், திடீரென்று வேறு வழியாகச் சுற்றி ஸ்கூலுக்குப் போகிறவன். திமிர் என்று நினைத்துப் பெல்ட்டைத் தூக்குகிற அப்பாக்கள் அதிகம். அடி வாங்கியவன் அன்று ராத்திரி அண்ணன் ரூமில்தான் போய்ப் படுப்பான்.

விஷயம் தெரிந்துவிட்டால் போனை உடைக்காதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். பை கொடுத்தவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்தான் நாளைக்கு "பெயர் தெரியாத நபரு"க்குப் பெயர் வைக்கும். அந்த ஆளிடம் நீங்களே சண்டைக்குப் போக வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்த நேரமும் அழைக்கலாம். இன்னும் போலீசில் சிக்காத பிள்ளை என்றால் குழந்தைகள் நலக்குழுவுக்குப் போகலாம். போதைத் தொழிலுக்குள் இழுக்கப்படும் நிலையில் இருக்கிற பிள்ளையையும் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை என்றே சட்டம் பார்க்கிறது. ஸ்டேஷனுக்குப் போனால் குழந்தை நலக் காவல் அலுவலர் யார் என்று கேளுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒருவர் இருக்க வேண்டும். வக்கீலுக்குக் காசில்லை என்றால் இலவச சட்ட உதவி எண் 15100, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு.

அந்த அம்மா பணத்தைத் திரும்ப முடிந்து எடுத்துப்போனார். பையன் பழைய போனை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தான்; அதில் 18,000 கேட்டு மிரட்டிய குரல் அப்படியே இருந்தது. போலீசில் எழுதிக் கொடுத்தோம், தேடுகிறார்கள். போன வாரம் வேறு நம்பரிலிருந்து மறுபடி ஒரு கால் வந்ததாம். அம்மா ஒன்றும் பேசாமல் கட் பண்ணிவிட்டு, நம்பரை ஒரு சீட்டில் எழுதி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். பையனை இப்போது மாமன்தான் ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுகிறார், பழைய வழியைத் தவிர்த்து.