ஒலியன்: ஒரு ‘ப’வுக்குள் எத்தனை ‘ப’?

பீஷான், பாசிர் ரிஸ். சிங்கப்பூரின் இந்த இரண்டு எம்ஆர்டி ரயில் நிலையங்களின் பெயர்களும் தமிழில் ப வரிசையில்தான் தொடங்குகின்றன. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. பீஷானுக்குத் தொண்டை அதிர்கிறது; பாசிருக்கு உதடு பிரிந்த பிறகே அதிர்வு தொடங்குகிறது. ஆங்கிலம் இவற்றுக்குத் தனித்தனி எழுத்து வைத்திருக்கிறது. அந்த எழுத்துகளின் பெயரைத் தமிழில் எழுதப் போனால் இரண்டும் ‘பி’ என்றே வந்து நிற்கும்! எழுத்து காட்டாத இந்த வேறுபாட்டை எந்தக் காது பிடிக்கும், எந்தக் காது தவறவிடும் என்று பேச மொழியியலுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. அதுதான் ஃபோனீம். தமிழில் ஒலியன்.

ஒரு மொழியில் சொல்லின் பொருளை மாற்றக்கூடிய மிகச் சிறிய ஒலி அலகே ஒலியன். அதற்கென்று தனிப் பொருள் கிடையாது. ஆனால் அதை மாற்றினால் சொல் வேறாகிவிடும். வலி, வளி, வழி மூன்றிலும் நடுவில் உள்ள மெய் மட்டும் மாறுகிறது. நோவு, காற்று, பாதை என்று பொருள் மூன்றாகப் பிரிகிறது. ஆகவே ல், ள், ழ் மூன்றும் தமிழில் மூன்று ஒலியன்கள்.

இப்போது கல், தங்கம், பகல் ஆகியவற்றைச் சொல்லிப் பாருங்கள். முதல் சொல்லில் வல்லோசையாக வரும் ககரம், தங்கத்தில் தொண்டை அதிர்வோடு வருகிறது; பகலில் ஏறக்குறைய ஹகரமாகத் தேய்ந்துவிடுகிறது. காற்றில் பரவும் ஒலிகள் மூன்று, தமிழ்க் காது எண்ணுவது ஒன்று. எந்த இடத்தில் எது வரும் என்பதை அக்கம்பக்கத்து எழுத்தே முடிவு செய்துவிடுவதால், ஒன்றை மாற்றி மற்றொன்றைச் சொன்னாலும் பொருள் மாறாது, உச்சரிப்புதான் விநோதமாக இருக்கும். இப்படி ஓர் ஒலியனுக்குள் அடங்கும் வேறுபாடுகளுக்கு மாற்றொலி என்று பெயர். மொழியியல் நூல்களில் ஒலியனைச் சாய்கோடுகளுக்கு இடையிலும், உண்மையில் ஒலிப்பதைச் சதுர அடைப்புக்குறிக்குள்ளும் எழுதுவார்கள். இந்த ஒரு வழக்கத்தைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஃபோனீமின் வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. ‘ஃபோனே’ என்றால் குரல். ‘ஃபோனேமா’ என்றால் குரலால் எழுப்பப்பட்டது. 1873இல் துஃப்ரிஷ்-தெஜெனெத் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் மொழியியல் கழகத்தில் இதைப் பிரெஞ்சுச் சொல்லாக முன்வைத்தார். அப்போது அவர் தேடியது ‘பேச்சொலி’ என்ற ஜெர்மன் சொல்லுக்கு ஈடான ஒன்றை மட்டுமே. இன்றைய பொருள் அதில் இல்லை. சுவிட்சர்லாந்து மொழியியலாளர் சொசூர் அதை எடுத்துப் புழங்கினார். ரஷ்யாவின் கசான் நகரில் பணியாற்றிய பொதுவென் த கூர்தெனேயும் அவருடைய மாணவர் குருஷெவ்ஸ்கியும்தான் அதற்குப் புதுப் பொருள் கொடுத்தார்கள். வாய் எழுப்பும் ஒலி வேறு, மனம் அதை எதுவாகக் கொள்கிறது என்பது வேறு. மனம் கொள்வதே ஃபோனீம் என்றார்கள். பின்னர் பிராக் நகர அறிஞர்கள், குறிப்பாக 1939இல் வெளிவந்த நூலில் துருபெத்ஸ்கோய், மனத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுப் ‘பொருளை வேறுபடுத்துகிறதா’ என்ற சோதனையை நடுவில் நிறுத்தினர். இன்று பாடநூல்களில் இருப்பது பெரும்பாலும் இந்த வரையறையே.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ஒலி என்பதோடு ‘அன்’ சேர்ந்தது ஒலியன். உருபு என்பதிலிருந்து வந்த உருபனும் இதே அச்சில் வார்த்ததுதான். ‘அன்’ ஆண்பால் விகுதி ஆயிற்றே, ஒலியன் என்றால் யாரோ ஓர் ஆள் போல இருக்கிறதே என்று வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பதுண்டு. சிரித்தால் சிரிக்கட்டும், சொல் மறக்காது. இந்த வரிசையில் கவனமாகப் பிரிக்க வேண்டியவை இரண்டு: ஒலியியல் என்பது பேச்சொலிகள் எப்படிப் பிறக்கின்றன, பரவுகின்றன, கேட்கின்றன என்ற ஆய்வு; ஒலியனியல் என்பது ஒரு மொழி அவற்றை எப்படி வகைபிரித்து வைத்திருக்கிறது என்ற ஆய்வு. ஓர் ‘ன்’ விடுபட்டால் துறையே மாறிவிடும். எந்திர மொழிபெயர்ப்பை நம்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மொழியியலில் ‘ஃபோன்’ என்றால் பேச்சொலி, தொலைபேசி அல்ல.

‘எழுத்து’ என்றே சொல்லிவிட்டால் என்ன என்ற கேள்வி நியாயமானது. தொல்காப்பியம் எழுத்து முப்பது என்று எண்ணும்போது வரிவடிவத்தை எண்ணவில்லை. உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும்தான் கணக்கு. உயிர்மெய் வடிவங்களை அது தனியாகச் சேர்ப்பதில்லை. அதாவது எண்ணப்படுவது ஒலி அலகு. நன்னூல் இன்னும் வெளிப்படையாக, மொழிக்கு முதற்காரணமான ஒலியே எழுத்து என்கிறது. குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் மூன்றையும் ‘சார்ந்து வருவன’ என்று தொல்காப்பியம் தனியே நிறுத்துவது அதைவிடச் சுவையானது. பக்கத்து ஒலியைச் சார்ந்தே தோன்றுவது என்ற அந்தக் கருத்து, இன்றைய மாற்றொலிக்கு மிக அருகில் நிற்கிறது. ஆனாலும் இன்று எழுத்து என்றால் எல்லாருக்கும் தாளில் இருக்கும் வடிவமே நினைவுக்கு வருகிறது. தவிர, பரிதாபப்பட்டுச் சொல்லும் ‘பாவம்’, நாட்டிய ஆசிரியர் முகத்தில் கேட்கும் ‘பாவம்’ ஆகிய இரண்டையும் வேறாகக் கேட்கிற தமிழரின் காதில் இருக்கும் இரண்டாவது ‘ப’வுக்கு முப்பதில் இடமில்லை. பஸ், பில், பேங்க் என்று நாள் முழுவதும் பேசும் சிங்கப்பூர்த் தமிழுக்கு அது ஒலியன் இல்லை என்று சாதிப்பது கடினம். எனவே எழுத்து வேறு, ஒலியன் வேறு என்று வைத்துக்கொள்வதே நல்லது.

காது இதில் எங்கே வருகிறது? செவிக்குள் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் குழாயை நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர் இருக்கும். அதன் அடிப்பகுதி உச்ச அதிர்வெண்களுக்கும், நுனி தாழ்ந்த அதிர்வெண்களுக்கும் அசையும். அங்கிருந்து நரம்புக்குப் போவது இடைவெளியில்லாத ஓர் ஓட்டம். அந்த ஓட்டத்தில் எந்தக் காதும் எழுத்துகளை வரிசையாகக் கேட்பதில்லை. மொழி பழகிய மூளைதான் வெட்டிப் பிரிக்கிறது. 1957இல் லிபர்மனும் உடன் பணியாற்றியவர்களும் எந்திரத்தில் செய்த அசைகளை ‘ப’விலிருந்து ‘ட’ வழியாகக் ‘க’ வரை சிறுசிறு படிகளாக மாற்றிக் கேட்கச் செய்தார்கள். ஒலி படிப்படியாக மாறியது. கேட்டவர்களின் தீர்ப்போ ஓர் இடத்தில் சட்டென்று தாவியது. வேலிக்கு இந்தப் பக்கம் உள்ளவற்றுக்குள் வேறுபாடு தெரியவில்லை, வேலியைத் தாண்டினால் உடனே தெரிந்தது.

வேலி எங்கே நிற்கிறது என்பது மொழிக்கு மொழி மாறும். உதடு பிரிந்த நொடிக்கும் தொண்டை அதிரத் தொடங்கும் நொடிக்கும் இடையிலான நேரத்தை லிஸ்கரும் ஏப்ராம்சனும் 1964இல் பதினொரு மொழிகளில் அளந்தார்கள். அவற்றுள் தமிழும் ஒன்று. ஆங்கிலத்தின் வல்லோசைப் பகரத்துக்கு (‘பேப்பர்’ என்பதில் வருவது) சராசரி சுமார் 58 மில்லிநொடி, தமிழ் பகரத்துக்குச் சுமார் 12. ஆங்கிலத்தின் மெல்லோசைப் பகரமோ (‘பஸ்’ என்பதில் வருவது) பெரும்பாலும் சுழியத்தை ஒட்டி வரும். இப்போது கணக்குப் போடுங்கள்: தமிழர் ‘பல்’ என்று சொல்லும் ப, ஆங்கிலக் காதின் வேலியில் மெல்லோசைப் பக்கமே விழுகிறது. நாம் ஒழுங்காகச் சொன்னதை அவர்கள் வேறாகக் கேட்பதன் காரணம் இதுதான்.

சிங்கப்பூரில் இதற்குச் சான்று கோப்பிக்கடையிலேயே ஆவி பறக்கக் கிடைக்கிறது. அந்த வெள்ளைப் பணியாரத்தை, அதாவது பாவ்வை, மலாய் வழக்கில் எழுதும்போது வல்லோசை எழுத்தும், மாண்டரினைப் பின்யின் என்ற ஆங்கில எழுத்து முறையில் எழுதும்போது மெல்லோசை எழுத்தும் முன்னால் நிற்கும். இரண்டும் குறிப்பது காற்று வெடிக்காத, தொண்டையும் அதிராத பகரத்தையே. மலாய்க் காதுக்கு அதிர்வு உண்டா இல்லையா என்பதே கேள்வி: ‘பாரு’வில் தொண்டை அதிர்ந்தால் புதிது, அதிராவிட்டால் நுரையீரல். மாண்டரின் காதுக்குக் காற்று வெடித்ததா இல்லையா என்பதே கேள்வி. தமிழ்க் காது இந்த விஷயத்தில் மலாய்க்கு உறவு.

பிறந்த குழந்தைக்கு இந்த வேலிகள் இன்னும் நிலைத்திருக்காது. வெர்க்கர், டீஸ் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில வீடுகளில் வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தைகள் இந்தியில் நாக்கு பல்லைத் தொடும் தகரத்தையும் நாக்கு மேல்நோக்கி மடியும் டகரத்தையும் பிரித்துக் கேட்டனர். 10 முதல் 12 மாதத்தில் பெரும்பாலான குழந்தைகளிடம் அந்தத் திறன் தேய்ந்திருந்தது. காது கெடவில்லை, கணக்கில் தேவையில்லாததை மூளை விட்டுவிட்டது. வீட்டில் தமிழ் குறைவாகவும் ஆங்கிலம் மிகுதியாகவும் கேட்டு வளர்ந்து, தொடக்கநிலை ஒன்றில் முதன்முறையாக ‘பல்லி’யையும் ‘பள்ளி’யையும் பிரிக்கச் சொல்லப்படும் பிள்ளையின் சிக்கல் நாக்கில் மட்டும் இல்லை. அதன் காதுக்கு அவை இன்னும் ஒரே சொல். கேட்காததை நாக்கால் சரிசெய்யச் சொல்லி நச்சரிப்பது வீண்.

ழகரம் தனிக்கதை. சிங்கப்பூரில் பலருக்கும் அது ளகரமாகவே ஒலிக்கிறது. பேசுவதோடு கேட்பதிலும் ஒருவருக்கு இரண்டும் ஒன்றென்றால், அவருடைய தமிழில் ழ் ஒலியன் இல்லை, எழுத்துக்கூட்டு மட்டுமே. இதைப் பழிப்பாகச் சொல்லவில்லை. ர, ற வேறுபாட்டில் தமிழ்நாட்டிலும் பெரும்பாலோர் அந்த நிலைக்கு எப்போதோ வந்துவிட்டார்கள். ‘அரை’யும் ‘அறை’யும் அவர்கள் வாயில் ஒன்றே. பெயர்களில் ழகரத்துக்கு ஆங்கில இஸட்டையும் எச்சையும் சேர்த்து எழுதுகிறோமே, பின்யின் பழகிய சக ஊழியர் அதைப் பார்த்ததும் ஜகரத்தை ஒட்டிய ஒலியைச் சொல்வார். அவர் தன் மொழியின் விதிப்படி சரியாகத்தான் படித்திருக்கிறார்.

ஒருவருக்கு ல், ள் பிரிந்து கேட்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். பல்லி, பள்ளி என இரண்டு படங்களை முன்னால் வையுங்கள். காசைச் சுண்டி, விழுவதைப் பொறுத்து ஒரு சொல்லைச் சொல்லுங்கள்; பிள்ளை படத்தைத் தொட்டால் போதும், திரும்பச் சொல்லவோ எழுதவோ வேண்டாம். இருபது முறை. குருட்டாம்போக்கில் தொட்டாலே பத்து சரியாகிவிடும் என்பதால் 12, 13 என்பதை வெற்றியாக எண்ணக்கூடாது. வெறும் குருட்டு அதிர்ஷ்டத்தில் 15 அல்லது அதற்கு மேல் வருவதற்கு வாய்ப்பு நூற்றில் இரண்டே.

கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்தவைதான். வாய் தெரிந்தால் பிள்ளை நாக்கைப் பார்த்துச் சொல்லிவிடும், ஆகவே தாளால் மறையுங்கள். ளகரத்தை மட்டும் அழுத்தி நீட்டினால் பிள்ளை நீளத்தைப் பிடிக்குமே தவிர ஒலியை அல்ல. மாறி மாறி ஒழுங்காகச் சொன்னால் வரிசையைக் கண்டுபிடித்துவிடும். பயிற்சி என்று வரும்போது ஒரே குரலில் ஓட்டினால் அந்தக் குரலுக்கு மட்டுமே காது பழகும். அம்மா, தாத்தா, அத்தை, அண்ணன் என்று குரல்கள் மாற வேண்டும். ஜப்பானியர்களுக்கு ஆங்கில ர, ல பிரித்துக் கேட்கக் கற்பித்த ஆய்வுகளில் பல குரல் பயிற்சியின் பயன் புதிய குரல்களுக்கும் கைகொடுத்தது.

முதியவர்களிடம் சிக்கல் வேறு. வயதினால் வரும் கேட்பிழப்பு பெரும்பாலும் உச்ச அதிர்வெண்களில் தொடங்கும். உயிரொலிகளின் ஆற்றல் கீழே இருப்பதால் அவை நன்றாகக் கேட்கும். சன்னமான மெய்யொலிகள் நழுவும். “சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல” என்று தாத்தா சொன்னால் அதுவே துல்லியமான நோய்க்குறிப்பு. உரக்கக் கத்துவதால் ஏற்கெனவே கேட்கும் உயிரொலிதான் பெருகும். தட்டு, பட்டு, கட்டு மூன்றும் ‘அட்டு’வாகவே நிற்கும்.

செவித்திறன் சோதனையில் தனித்தொனிகளைக் கேட்கச் செய்வது ஒரு பகுதி; சொற்களைக் கேட்டுத் திரும்பச் சொல்லச் செய்வது இன்னொன்று. இரண்டாவதில் முழுச் சொல்லுக்கு மதிப்பெண் போடலாம், ஒலியனுக்கும் போடலாம். ஆர்தர் பூத்ராய்டின் 1968ஆம் ஆண்டுப் பட்டியல் முறையில் பத்துச் சொல், சொல்லுக்கு மூன்று ஒலியன், மொத்தம் முப்பது. ‘கல்’லைக் ‘கள்’ என்றால் சொற்கணக்கில் சுழியம், ஒலியன் கணக்கில் மூன்றுக்கு இரண்டு. எது நழுவுகிறது என்பதை இரண்டாவதே காட்டும். ஆனால் தமிழ் மட்டும் பேசிப் பழகிய பாட்டியிடம் ஆங்கிலப் பட்டியலை நீட்டினால் அந்தக் கணக்கும் பாழ். அவர் சரியாகக் கேட்டு, தம் 12 மில்லிநொடிப் பகரத்தால் திரும்பச் சொல்வார்; சோதிப்பவரின் ஆங்கிலக் காது அதை மெல்லோசையாகக் கேட்டுத் தவறென்று குறிக்கும். சோதனைக்கு அழைத்துப் போகிறவர்கள் தமிழ்ச் சொற்பட்டியல் உண்டா என்று முன்கூட்டியே கேட்பது நல்லது. இல்லையென்றால், பட்டியலின் மொழி எது, தவறென்று குறிக்கப்பட்ட ஒலிகள் எவை என்பதை முடிவுத்தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.